பன்னிரண்டாவது ஆளை எண்ணியவர்

2022 ஏப்ரல் 2, சனிக்கிழமை. ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில் இருக்கும் ஃப்ரைபர்க் நகரம். உள்ளூர் அணி பயர்ன் மியூனிக்கிடம் ஒன்றுக்கு மூன்று என்ற கணக்கில் பின்தங்கி நிற்கிறது. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே பாக்கி. பயர்ன் இரண்டு பேரை மாற்றுகிறது. வெளியேற வேண்டியவரின் எண்ணை மின்பலகையில் காட்டுவார்கள் அல்லவா? 29 என்று காட்டினார்கள். கிங்ஸ்லி கோமன் முன்பு அணிந்திருந்த எண் அது. அப்போது அவருடைய முதுகில் இருந்ததோ 11. தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. உள்ளே வர வேண்டிய இருவரும் வந்துவிட்டார்கள், வெளியே போக வேண்டிய இருவரில் ஒருவர்தான் போனார். ஆட்டம் தொடங்கிவிட்டது.

நடுவர், அவருடைய உதவியாளர்கள், காணொளி அறையில் இருந்தவர்கள், இரண்டு பயிற்சியாளர்கள் என யாருக்கும் உடனே உறைக்கவில்லை. இருபது வினாடிகூட ஆகியிருக்காது. ஃப்ரைபர்க்கின் பின்களத்தில் நின்ற 22 வயது இளைஞர் ஒருவர் நடுவரிடம் போய், அவர்கள் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள் என்று சொன்னார். ஆட்டம் நின்றது. எண்ணிப் பார்த்தார்கள். உண்மைதான்.

அவர் பெயர் நிக்கோ ஷ்லோட்டர்பெக். ஃப்ரைபர்க் அந்த ஆட்டத்தை 1–4 என்று தோற்றது. பிறகு கொடுத்த முறையீடும் தள்ளுபடியானது. ஆனால் பின்கள வீரர் என்றால் யார் என்று கால்பந்துக்குப் புதியவர் யாராவது கேட்டால், நான் எந்தக் கோலையும் காட்டுவதில்லை. இந்த இருபது வினாடியைத்தான் சொல்கிறேன். பந்தைத் துரத்துவது மற்றவர்களின் வேலை. ஆட்களை எண்ணிக்கொண்டே இருப்பது இவருடைய வேலை.

கண்ணுக்குத் தெரியாத கயிறு

கால்பந்து அணியில் பதினொரு பேர். கோல்கீப்பரை விட்டால் பத்து. பெரும்பாலான அணிகள் அந்தப் பத்துப் பேரில் நால்வரைப் பின்வரிசையில் நிறுத்தும். ஓரங்களில் நிற்கும் இருவர் பக்கவாட்டில் மேலும் கீழும் ஓடி ஆடுபவர்கள். நடுவில் நிற்கும் இருவர்தான் சென்டர்பேக். ஜெர்மானியர்கள் இவரை இன்னன்ஃபெர்டைடிகர் என்பார்கள், உள்காவலர் என்று பொருள். எனக்கு அந்தப் பெயர் பிடிக்கும். வாசலில் நிற்கும் காவலர் அல்ல, கூடத்தில் நிற்பவர். அவரைத் தாண்டினால் மிச்சம் கோல்கீப்பர் மட்டும்தான்.

எதிரணி பந்தோடு வரும்போது இவர் தலையை இடமும் வலமும் திருப்பிக்கொண்டே இருப்பார். என் முதுகுக்குப் பின்னால் யார் நிற்கிறார்? பக்கத்துத் தோழர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்? அவர்கள் மூன்று பேர் ஓடி வந்தால் நம்மில் எத்தனை பேர் இருக்கிறோம்? கல்யாணப் பந்தியில் எந்த இலையில் எது குறைகிறது என்று வரிசையை ஓட்டிப் பார்த்துக்கொண்டே நடப்பவர் ஒருவர் இருப்பாரே, அவரைப் போல. அவர் கையில் கரண்டி இருக்காது. ஆனால் அவர் இல்லையென்றால் பந்தி குழம்பிவிடும்.

இந்த எண்ணிக்கையோடு சேர்ந்தது ஆஃப்சைடு விதி. புதிதாகப் பார்ப்பவர்களை மிரட்டும் விதி இதுதான், ஆனால் சாரம் எளியது. தன் அணிக்காரர் பந்தை உதைக்கும் அந்தக் கணத்தில், எதிரணியின் பாதியில் இருக்கும் ஆட்டக்காரர் பந்தையும் தாண்டி, எதிரணியின் கடைசிக்கு முந்திய ஆளையும் தாண்டி கோலுக்கு நெருக்கமாக நின்றுகொண்டு ஆட்டத்தில் பங்கெடுத்தால் அது தவறு. கடைசி ஆள் பெரும்பாலும் கோல்கீப்பர். ஆகவே கடைசிக்கு முந்தியவர் பின்வரிசைக்காரர்களில் ஒருவர். அவர் எங்கே நிற்கிறாரோ அதுதான் கோடு.

நான்கு பின்வரிசைக்காரர்களும் ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நால்வரும் ஒரே நேரத்தில் இரண்டடி முன்னேறினால் எதிரணியின் முன்கள வீரர் கயிற்றுக்குப் பின்னால் சிக்கிக்கொள்வார், அவர் அடிக்கும் கோல் செல்லாது. நால்வரில் ஒருவர் மட்டும் அரை வினாடி தாமதித்தால் அவர் பக்கம் கயிறு தொய்ந்துவிடும். எதிரணிக்காரர் அந்தத் தொய்வில் நின்று, விதிப்படியே, தனியாக கோலை நோக்கி ஓடலாம். தொய்ந்த முனையில் நின்றவரைப் பார்வையாளர் திட்டமாட்டார். ஓடுபவரைத் துரத்திப் பிடிக்க முடியாமல் போன மற்றவரைத்தான் திட்டுவார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கத்தாரில் தேவைப்படும்.

மூன்றாவது வேலை, ஒற்றைக்கு ஒற்றை மோதல். பந்துக்காக இருவர் மோதுவதை ஜெர்மன் மொழியில் ட்ஸ்வைகாம்ஃப் என்பார்கள், இருவர் போர். ஒருவர் இவற்றில் எத்தனை விழுக்காடு வென்றார் என்பது அங்கே ஆட்டம் முடிந்ததும் முதலில் பேசப்படும் கணக்கு. ஷ்லோட்டர்பெக்கின் உயரம் 1.91 மீட்டர். காற்றில் வரும் பந்துக்கு அது உதவும். ஆனால் அவரைத் தனித்துக் காட்டுவது உயரம் அல்ல, இடது கால்.

இடது காலில் என்ன இருக்கிறது? இரண்டு சென்டர்பேக்குகளில் ஒருவர் இடப்பக்கம் நின்றாக வேண்டும். வலக்கால்காரர் அங்கே நின்றால், வரும் பந்தை நிறுத்தி, உடலைத் திருப்பி, வலக்காலுக்கு மாற்றிக்கொண்டு அனுப்ப வேண்டும். அதற்குள் எதிரணிக்காரர் இரண்டு அடி நெருங்கிவிடுவார். அனுப்பும் பந்தும் மைதானத்தின் நடுவை நோக்கி, அதாவது கூட்டத்தை நோக்கித்தான் இயல்பாக வளையும். இடக்கால்காரருக்கு அந்தத் தொல்லை இல்லை. நின்ற நிலையிலேயே இடது ஓரத்தில் நீளமாக அனுப்பலாம், அல்லது குறுக்கே அறுபது மீட்டர் தாண்டிப் போடலாம். உலகில் இடக்கையர்கள் குறைவாக இருப்பது போலவே இடக்கால்காரர்களும் குறைவு. அவர்களில் ஆறடிக்கு மேல் வளர்ந்து, மோதலுக்கும் அஞ்சாதவர்கள் இன்னும் குறைவு. கிளப்புகள் இப்படிப்பட்டவர்களைத் தேடி அலைவதில் வியப்பில்லை.

தவறு செய்ய ஓர் இடம்

முன்கள வீரர் ஐந்து வாய்ப்புகளைக் கோட்டைவிட்டு ஆறாவதில் கோல் அடித்தால் மறுநாள் செய்தித்தாளில் அவர் படம் வரும். சென்டர்பேக் ஐம்பது பந்துகளைச் சரியாக வெட்டிவிட்டு ஐம்பத்தோராவதில் சறுக்கினால் அவர் படமும் வரும், தலையில் கை வைத்தபடி. ஜெர்மனியின் கிக்கர் பத்திரிகை ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒவ்வொருவருக்கும் பள்ளிக்கூடம் போல மதிப்பெண் போடும். 1 என்றால் மிகச் சிறப்பு, 6 என்றால் படுமோசம். ஒரே ஒரு சறுக்கல் அந்த மதிப்பெண்ணைக் கீழே இழுத்துவிடும்.

ஆகவே பயிற்சியாளர்கள் சென்டர்பேக் இடத்தில் சோதனை செய்யத் தயங்குவார்கள். இளம் முன்கள வீரரை எழுபதாவது நிமிடத்தில் இறக்கிவிட்டுப் பார்க்கலாம், ஒன்றும் குடிமுழுகாது. பின்களத்தில் காயம்பட்டாலொழிய ஆள் மாற்றுவது அபூர்வம். அந்த நால்வருக்கும் இடையே ஆட்டத்துக்கு ஆட்டம் வளர்ந்த புரிதலை நடுவில் கலைக்க யாருக்கும் மனம் வராது. இங்கேதான் சிக்கல். ஆடினால்தான் கற்க முடியும். கற்றவரைத்தான் ஆடவிடுவார்கள். பத்தொன்பது வயதுப் பின்கள வீரர் எங்கே போய்த் தவறு செய்வது?

ஷ்லோட்டர்பெக்கின் பாதை இந்தக் கேள்விக்கான பதிலாகவே எனக்குத் தெரிகிறது. 1999 டிசம்பர் 1 அன்று ஸ்டுட்கார்ட்டை ஒட்டிய வைப்லிங்கனில் பிறந்தவர். குடும்பத்தில் கால்பந்து ஏற்கெனவே இருந்தது. முந்தைய தலைமுறையில் நீல்ஸ் ஷ்லோட்டர்பெக் தொழில்முறை ஆட்டக்காரர். இரண்டு வயது மூத்த அண்ணன் கெவனும் பின்கள வீரர்தான். சிறுவயதில் ஸ்டுட்கார்ட்டர் கிக்கர்ஸ், ஆலன், கார்ல்ஸ்ரூ என்று அந்த வட்டாரத்து அணிகளில் மாறி மாறி ஆடிவிட்டு, 2017இல் ஃப்ரைபர்க்கின் இளையோர் அணிக்கு வந்தார். பயர்ன் போன்ற பெரிய வீட்டுக்குப் பத்து வயதிலேயே போன பிள்ளை அல்ல. ஊர் ஊராகப் பள்ளி மாறிய பிள்ளை.

இந்த இளையோர் அணிகளின் பின்னணி ஒரு பத்திக்குத் தகும். 2000ஆம் ஆண்டு ஐரோப்பியக் கோப்பையில் ஜெர்மனி மூன்று ஆட்டங்களில் ஒரே ஒரு கோல் அடித்து, ஒரே ஒரு புள்ளி பெற்று, குழுவில் கடைசியாக வந்து வெளியேறியது. உலகக் கோப்பையை மூன்று முறை வென்ற நாட்டுக்கு அது பெரிய தலைகுனிவு. அதற்குப் பிறகு, முதல் இரண்டு பிரிவுகளில் ஆட வேண்டுமானால் ஒவ்வொரு கிளப்பும் இளையோர் பயிற்சி மையம் நடத்தியாக வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். மையம் இல்லையேல் ஆட உரிமம் இல்லை. பணக்காரக் கிளப்புகளுக்கு அது ஒரு செலவு, அவ்வளவுதான். ஃப்ரைபர்க் போன்ற சிறிய கிளப்புக்கோ அதுவே பிழைக்கும் வழி. ஆளை விலைக்கு வாங்கக் காசில்லாதவர்கள் தாங்களே வளர்த்துக்கொள்ள வேண்டும். பழைய மோஸ்லே மைதானத்தில் 2001இல் தொடங்கிய அவர்களது கால்பந்துப் பள்ளி நாட்டிலேயே நல்ல பெயர் எடுத்தது.

2019 மார்ச்சில், பத்தொன்பது வயதில், ஹெர்த்தா பெர்லினுக்கு எதிராக ஷ்லோட்டர்பெக் முதன்முறையாக பண்டஸ்லிகாவில் இறங்கினார். பண்டஸ்லிகா என்பது ஜெர்மனியின் முதல் பிரிவு. பதினெட்டு அணிகள், ஆளுக்கு முப்பத்து நான்கு ஆட்டங்கள். அண்ணன் கெவனும் அதே பருவத்தில் அதே ஃப்ரைபர்க் அணியில்தான் இருந்தார். அறிமுகம் ஆயிற்று. ஆனால் அடுத்த பருவத்தில் நிரந்தர இடம் கிடைக்கவில்லை.

இரவல்

கால்பந்துக்குப் புதியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. ஒரு கிளப்பின் ஆட்டக்காரர் இன்னொரு கிளப்புக்கு ஓராண்டு ஆடிவிட்டுத் திரும்புவது எப்படி? அதற்குப் பெயர் இரவல். ஆட்டக்காரருக்கும் சொந்தக் கிளப்புக்கும் இடையிலான ஒப்பந்தம் அப்படியே இருக்கும், அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர் வேறொரு அணியின் சட்டையை அணிந்து ஆடுவார். சம்பளத்தை யார் கொடுப்பது, முழுவதுமா பாதியா என்பதை இரண்டு கிளப்புகளும் பேசி முடிவு செய்யும். பருவ முடிவில் இந்த விலைக்கு நீங்களே வாங்கிக்கொள்ளலாம் என்று சில ஒப்பந்தங்களில் ஒரு வரி சேர்ப்பார்கள். சிலவற்றில் அந்தப் பேச்சே இருக்காது. போனார், ஆடினார், வந்தார்.

நம் வீடுகளில் இரவல் போன புத்தகம் முதுகு உடைந்துதான் திரும்பும், திரும்பினால். கால்பந்து இரவலில் பொருள் மெருகேறித் திரும்பும் என்பதுதான் கணக்கு. கொடுத்தவருக்கு அனுபவம் பெற்ற ஆள் கிடைப்பார், வாங்கியவருக்குக் குறைந்த செலவில் ஓராண்டு உழைப்பு கிடைக்கும். நடுவில் இருக்கும் இளைஞருக்குக் கிடைப்பதுதான் முக்கியம்: தவறு செய்ய ஓர் இடம். கணக்கு எப்போதும் பலிக்கும் என்று சொல்லமாட்டேன். இரவல் போன இடத்திலும் பெஞ்சில் உட்கார்ந்து பருவத்தைக் கழித்துவிட்டு, ஒரு வயது கூடியவராகத் திரும்பியவர்கள் ஏராளம். எங்கே போகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஷ்லோட்டர்பெக் 2020இல் போன இடம் யூனியன் பெர்லின். முந்தைய ஆண்டு அதே கிளப்புக்கு இரவல் போயிருந்தவர் யார் தெரியுமா? அண்ணன் கெவன். மூத்தவரை வாங்கிப் பார்த்துவிட்டு அடுத்த ஆண்டு இளையவரைக் கேட்டிருக்கிறார்கள். திருப்தியான வாடிக்கையாளர் என்று சொல்லலாம்.

யூனியன் தனி ரகமான கிளப். கிழக்கு பெர்லினின் கோபனிக் பகுதியில், மரங்களுக்கு நடுவே மைதானம். 2008–09இல் அதைப் புதுப்பிக்கப் பணம் போதாதபோது, ரசிகர்கள் இரண்டாயிரம் பேருக்கு மேல் தாங்களே வந்து கான்கிரீட் போட்டார்கள். ஏறத்தாழ 1,40,000 மணிநேர உழைப்பு. 2019இல்தான் அந்தக் கிளப் முதன்முறையாக பண்டஸ்லிகாவுக்கு ஏறியிருந்தது. சுவிட்சர்லாந்துக்காரரான பயிற்சியாளர் ஊர்ஸ் ஃபிஷரின் ஆட்டமுறை பின்களத்தில்தான் நின்றது. மூன்று சென்டர்பேக்குகளை நிறுத்தி, இடைவெளி விடாமல் கட்டி ஆடுவார்கள். இளம் பின்கள வீரருக்கு இதைவிட நல்ல வகுப்பறை கிடைக்காது. நடுவில் இருவர் மட்டும் இருந்தால், ஒருவர் சறுக்கும்போது தாங்குவதற்கு ஒருவர்தான். மூவர் இருந்தால் தாங்க இருவர்.

பெருந்தொற்றுக் காலம் என்பதால் பெரும்பாலான ஆட்டங்கள் காலி மைதானத்தில் நடந்தன. தங்கள் கையால் அரங்கம் கட்டிய ரசிகர்களுக்கு அது கொடுமை. ஆனால் இருபது வயதுப் பின்கள வீரர் தவறும்போது இருபதாயிரம் பேர் ஒரே நேரத்தில் பெருமூச்சு விடும் ஓசை அந்த ஆண்டு இல்லை. அது அவருக்கு உதவியதா என்று யாரும் அளந்ததில்லை. உதவியிருக்கும் என்றே நினைக்கிறேன். இடையில் காயம் வந்து சில வாரங்கள் வெளியே இருந்தார். யூனியன் அந்தப் பருவத்தை ஏழாவது இடத்தில் முடித்து ஐரோப்பியப் போட்டிக்குத் தகுதி பெற்றது. அதே கோடையில், 2021 ஜூன் 6 அன்று, லுப்லியானாவில் 21 வயதுக்கு உட்பட்டோருக்கான ஐரோப்பியக் கோப்பை இறுதியில் ஜெர்மனி போர்ச்சுகலை 1–0 என்று வென்றது. கோல் வாங்காமல் முடித்த அந்தப் பின்வரிசையில் ஷ்லோட்டர்பெக் இருந்தார்.

இரவல் முடிந்து ஃப்ரைபர்க்குக்குத் திரும்பியவர் வேறு ஆள். பயிற்சியாளர் கிறிஸ்டியான் ஷ்ட்ரைஷ் அவரை நிரந்தரமாக இறக்கினார். இந்தப் பருவத்தில்தான் அந்தப் பன்னிரண்டாவது ஆளை எண்ணினார். ஃப்ரைபர்க் லீகில் ஆறாவதாக வந்தது, வரலாற்றில் முதல் முறையாக ஜெர்மன் கோப்பையின் இறுதிக்கும் போனது. 2022 மே 21, பெர்லின் ஒலிம்பிக் மைதானம். எதிரணி லைப்சிக் பத்துப் பேராகக் குறைந்த பிறகும் சமன் செய்துவிட்டது. கோல்கீப்பரை மட்டும் எதிரில் வைத்து அடிக்கும் பெனால்டி உதைகளில் 2–4 என்று ஃப்ரைபர்க் தோற்றது.

விலையும் அதன் சுமையும்

ஒப்பந்தக் காலம் முடிவதற்குள் ஓர் ஆட்டக்காரரை வேறு கிளப் எடுத்துக்கொள்ள விரும்பினால், இருக்கும் கிளப்புக்குப் பணம் கொடுக்க வேண்டும். ஒப்பந்தம் முடிந்துவிட்டால் இலவசமாகவே போகலாம். அதனால் கடைசி ஆண்டு நெருங்க நெருங்க விற்பவரின் கை தாழும். ஷ்லோட்டர்பெக்கின் ஒப்பந்தத்தில் ஓராண்டு மிச்சம் இருந்தபோது, 2022 கோடையில், பொருஸியா டோர்ட்முண்ட் ஏறத்தாழ இரண்டு கோடி யூரோ கொடுத்து அழைத்துக்கொண்டது. அவருக்கு நான்காம் எண் சட்டை கொடுத்தார்கள்.

தேசிய அணி அறிமுகமும் அதே ஆண்டு. மார்ச் 26, சின்ஸ்ஹைமில் இஸ்ரேலுக்கு எதிரான நட்பு ஆட்டம். நன்றாகவே ஆடிக்கொண்டிருந்தார். கடைசி நேரத்தில் தன் தவறால் ஒரு பெனால்டி கொடுத்துவிட்டார். கோல்கீப்பர் கெவின் ட்ராப் அதைத் தடுத்துக் காப்பாற்றினார். ஜெர்மனி 2–0 என்று வென்றது, எல்லோரும் சிரித்துக்கொண்டே வெளியேறினார்கள். முதல் நாளே பெனால்டி, அதையும் கோல்கீப்பர் தடுத்தார், நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டவர்களும் இருந்திருப்பார்கள்.

எட்டு மாதம் கழித்து, 2022 நவம்பர் 23, கத்தாரில் உலகக் கோப்பை. முதல் ஆட்டம் ஜப்பானுடன். பெனால்டியில் குண்டோவன் அடித்த கோலால் ஜெர்மனி முன்னிலை. 75ஆவது நிமிடத்தில் ரிட்சு டோவான் சமன் செய்தார். அந்தக் கோடையில் ஷ்லோட்டர்பெக் ஃப்ரைபர்க்கை விட்டுக் கிளம்ப, அதே ஃப்ரைபர்க்குக்குப் புதிதாக வந்தவர் இந்த டோவான்.

83ஆவது நிமிடம். ஜப்பானுக்கு, அதன் பாதியிலேயே, எதிரணி செய்த தவறுக்காக ஒரு ஃப்ரீகிக். இடகுரா பந்தை நீளமாகத் தூக்கி அனுப்புகிறார். வலது ஓரத்தில் டகுமா அசானோ ஓடத் தொடங்குகிறார். ஜெர்மனியின் நால்வரும் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டிய கணம். மூன்று பேர் ஒரு வரிசையில் இருக்க, மறுகோடியில் நின்ற நிக்லாஸ் ஸுலே சில அடி பின்தங்கியிருந்தார். கயிறு அந்த முனையில் தொய்ந்தது. அசானோ ஆஃப்சைடு இல்லை. தோளுக்கு மேலே வந்த பந்தை ஒரே தொடுதலில் அடக்கினார். பக்கத்தில் ஓடி வந்தவர் ஷ்லோட்டர்பெக். உடலை நுழைத்துத் தடுக்க அரை அடி போதவில்லை. காலை நீட்டினால் பெனால்டி ஆகுமோ என்ற அச்சமும் இருந்திருக்கலாம், மார்ச் மாத நினைவு இருந்திருக்குமே. அசானோ குறுகிய கோணத்தில் இருந்து, கோல்கீப்பர் மானுவேல் நொய்யரின் தோளுக்கு மேலாக, வலையின் கூரையைப் பார்த்து அடித்தார். 1–2.

அடித்த அசானோ, போட்ட இடகுரா, முன்னால் சமன் செய்த டோவான் ஆகிய மூவரும் ஜெர்மன் கிளப்புகளில் ஆடிக்கொண்டிருந்தவர்கள். ஷ்லோட்டர்பெக் வாராவாரம் சந்திக்கக்கூடிய ஆட்கள். ஆனால் மறுநாள் உலகம் முழுக்கச் சுற்றிய படத்தில் துரத்தித் தோற்ற ஒருவர்தான் இருந்தார். ஸுலேயின் முனை சட்டகத்துக்கு வெளியே. துரத்தியவரிடம் தவறே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. இன்னும் முரட்டுத்தனமாக மோதியிருக்க வேண்டும், அதை யாரும் மறுக்கமாட்டார்கள். ஆனால் அந்தக் கோலின் கணக்கை ஒருவர் பேரில் மட்டும் எழுதுவது கால்பந்தைப் பாதிக்கண்ணால் பார்ப்பது.

அடுத்து ஸ்பெயினுடன் ஆடிய ஆட்டத்தின் தொடக்க அணியில் அவர் இல்லை. மூன்றாவது ஆட்டத்தில் ஜெர்மனி கோஸ்டாரிகாவை 4–2 என்று வென்றும், கோல் வித்தியாசத்தில் ஸ்பெயினுக்குக் கீழே இறங்கி வெளியேறியது. அன்று டிசம்பர் 1. ஷ்லோட்டர்பெக்கின் இருபத்து மூன்றாவது பிறந்தநாள்.

டோர்ட்முண்டிலும் அந்தப் பருவம் நெஞ்சைப் பிளந்தது. கடைசி நாளில் சொந்த மைதானத்தில் மைன்ஸை வென்றால் பண்டஸ்லிகா பட்டம். 2–2 என்று சமன். பயர்னும் டோர்ட்முண்டும் தலா 71 புள்ளிகள், கோல் வித்தியாசத்தில் பட்டம் பயர்னுக்கு. தேசிய அணியிலும் பிறகு அவர் பெயர் தளர்ந்தது. புதிய பயிற்சியாளர் யூலியான் நாகல்ஸ்மான் 2024 மார்ச்சில் அணியைப் புரட்டிப் போட்டபோது ஷ்லோட்டர்பெக் அழைக்கப்படவில்லை.

இடது கால் பேசியது

பின்கள வீரரின் தவறை மறக்கச் செய்வது இன்னொரு தடுப்பு அல்ல. நியாயமில்லைதான், ஆனால் அப்படித்தான். அவரும் முன்னால் ஏதாவது செய்தாக வேண்டியிருக்கிறது.

2024 மே 1. ஐரோப்பாவின் முன்னணிக் கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீகின் அரையிறுதி, டோர்ட்முண்டில் பாரிஸ் அணியுடன். 36ஆவது நிமிடம். தன் பாதியில், இடப்பக்கத்தில், ஷ்லோட்டர்பெக்கிடம் பந்து. பாரிஸ் அணியின் பின்வரிசை மேலே ஏறி நிற்கிறது. கயிற்றை எப்படிப் பிடிப்பது என்று தெரிந்தவருக்குத்தான் அதை எங்கே அறுப்பது என்றும் தெரியும். இடது காலால் ஒரே நீளமான பந்து. நிக்லாஸ் ஃபுல்க்ரூக் ஓடி அடக்கி அடித்தார். அந்த ஒரு கோலோடு ஆட்டம் முடிந்தது. பாரிஸிலும் டோர்ட்முண்ட் 1–0 என்று வென்று இறுதிக்குப் போனது. ஜூன் 1 அன்று வெம்ப்ளியில் ரியல் மாட்ரிட்டிடம் 0–2 என்று தோற்றது வேறு கதை.

ஐரோப்பியக் கோப்பை அந்தக் கோடையில் ஜெர்மனியிலேயே நடந்தது. அணியில் யார் யார் என்பதை ஒரே நாளில் சொல்லாமல், விதவிதமான இடங்களில் ஒவ்வொரு பெயராக வெளியிட்டார்கள். முதல் பெயர் வந்த இடம் நாடே பார்க்கும் தாகெஸ்ஷாவ் மாலைச் செய்தி. அரசியல் செய்திகளை வாசிக்கும் அதே தொனியில் வாசிக்கப்பட்ட பெயர், மார்ச்சில் விடுபட்டிருந்த ஷ்லோட்டர்பெக்.

குழு ஆட்டங்களில் சென்டர்பேக் இணை ரூடிகரும் யோனதான் டாவும். டாவுக்கு இரண்டு மஞ்சள் அட்டைகள் சேர்ந்து ஓர் ஆட்டத் தடை வந்தது. ஆகவே ஜூன் 29 அன்று டென்மார்க்குக்கு எதிராக ஷ்லோட்டர்பெக் தொடக்க அணியில். இடம் டோர்ட்முண்ட், அவருடைய சொந்த மைதானம். நான்காவது நிமிடத்திலேயே தலையால் முட்டி வலைக்குள் தள்ளினார். அதற்கு முன் சக வீரர் கிமிச் செய்த இடையூறுக்காக கோல் செல்லாது என்றார்கள். பிறகு இடி, மின்னல், ஆலங்கட்டி மழை, ஆட்டமே இருபது நிமிடத்துக்கு மேல் நின்றது. இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் டென்மார்க் ஒரு கோல் அடித்தது. காணொளியில் பார்த்தபோது அவர்களில் ஒருவரின் கால்விரல் நுனி மட்டும் கோட்டைத் தாண்டியிருந்தது. ஆஃப்சைடு. கத்தாரில் சில அடி தொய்ந்த கயிறு இங்கே ஒரு விரலளவு விறைத்து நின்றது.

ஜெர்மனியின் ஹாவர்ட்ஸ் பெனால்டியில் கோல் அடித்தார். 68ஆவது நிமிடம், மீண்டும் அதே காட்சி. பின்களத்தில் இருந்து இடது கால், டென்மார்க் பின்வரிசையின் தலைக்கு மேலே நீளமான பந்து, ஜமால் முசியாலா ஓடிப் பிடித்து மூலையில் வைத்தார். 2–0. பாரிஸுக்கு எதிரான அந்தப் பந்தையும் இதையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரே கையெழுத்து தெரியும்.

அடுத்த சுற்றில் என்ன நடந்தது? டா தடை முடிந்து திரும்பினார். ஷ்லோட்டர்பெக் பெஞ்சுக்குப் போனார். ஸ்பெயினுடனான அந்தக் காலிறுதி நடந்த இடம் ஸ்டுட்கார்ட், பிறந்த ஊருக்குப் பக்கத்தில். ஜெர்மனி கூடுதல் நேரத்தில் 1–2 என்று தோற்றது. நன்றாக ஆடினால் இடம் உறுதி என்பது பின்களத்தில் எழுதப்படாத விதிகூட அல்ல. இணை ஒத்துப்போகிறதா என்பதே அங்கே பெரிய கேள்வி.

பிறகு டோர்ட்முண்டில் மூத்தவர் மாட்ஸ் ஹும்மெல்ஸ் விடைபெற்றார். பின்வரிசையை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு இவர் மேல் வந்தது. 2025 ஏப்ரலில், பார்சலோனாவுடனான காலிறுதிக்கு முன், பயிற்சியின்போது முழங்காலின் மெனிஸ்கஸ் கிழிந்தது. தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவே மெத்தை போல இருக்கும் குருத்தெலும்பு அது. அறுவை சிகிச்சை, மாதக்கணக்கில் ஓய்வு. செப்டம்பரில்தான் மீண்டும் களத்தில் இறங்கினார்.

டோர்ட்முண்ட் ஆட்டம் எப்போதாவது தொலைக்காட்சியில் வந்தால் ஒரு சின்னப் பயிற்சி செய்து பாருங்கள். பத்து நிமிடம் பந்தைப் பார்க்காமல், மஞ்சள் சட்டையில் 4 என்று போட்டிருப்பவரை மட்டும் பாருங்கள். கேமரா பந்தின் பின்னால் ஓடுவதால் பாதி நேரம் அவர் திரையில் இருக்கமாட்டார். எதிரணிக்கு கார்னர் கிடைக்கும் நேரத்துக்குக் காத்திருங்கள். பந்து மூலையில் அசையாமல் இருக்கும்போது அவர் கழுத்து திரும்பிக்கொண்டிருக்கும். கை ஒருவரைப் பிடித்து இழுத்து நிறுத்தும், விரல் இன்னொருவரைக் காட்டும். எண்ணுகிறார்.